சுருங்க மறுப்பவை

நீளத்தைச் சுருக்குவது எளிது. நூறு டன் எடையுள்ள நீராவி இஞ்சினை 76-இல் ஒரு பங்காகச் சுருக்கி, அதன் ஆணித்தலைகள், குழாய்கள், பக்கவாட்டில் எழுதிய எண் என எல்லாவற்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் நுட்பத்தோடு இன்றைய ஆலைகள் தந்துவிடுகின்றன. எடை அந்தக் கணக்கில் வருவதில்லை. நீளம் 76-இல் ஒன்றானால் கன அளவு ஏறத்தாழ 4,39,000-இல் ஒன்றாகிவிடும். நூறு டன் 228 கிராமாகக் குறைந்து நிற்கும். 228 கிராமுக்கு நூறு டன்னின் நடை வராது. விசையை நிறுத்திய பிறகும் உண்மையான ரயில் கிலோமீட்டர் கணக்கில் தன் வேகத்திலேயே உருண்டு போகும். மாதிரி ரயில் உள்ளங்கை நீளத்துக்குள் வெடுக்கென்று நின்றுவிடும்.

மேசை மேலோ ஓர் அறை முழுக்கவோ தண்டவாளம், ஊர், மலை எல்லாம் அமைத்து ரயில் ஓட்டும் லேஅவுட் கலையின் பலமும் பலவீனமும் இங்கேதான் தொடங்குகின்றன என்பது என் எண்ணம். நீளம் சுருங்கும். எடை, ஒளி, நிறம், தண்ணீர், நேரம் ஆகியவை சுருங்க மறுக்கும். நூறாண்டுக்கு மேலாக இந்தக் கலை தன் உழைப்பின் பெரும்பகுதியைச் சுருங்கக்கூடியவற்றின் மீதே கொட்டியிருக்கிறது. சுருங்காதவற்றை என்ன செய்வது என்று யோசித்தவர்கள் சிலர். அந்தச் சிலருடைய லேஅவுட்டுகள்தான் பல பத்தாண்டுகள் கழித்தும் நம்ப வைக்கின்றன.

பிரிட்டனில் இந்தக் கலை ஒரு சமரசத்தோடு வளர்ந்தது. 1,435 மில்லிமீட்டர் பாதையை 87-இல் ஒன்றாகச் சுருக்கினால் 16.5 மில்லிமீட்டர் வரும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிய ஹெச்ஓ அளவு இதுதான். பிரிட்டிஷ் இஞ்சின்களோ அவற்றைவிட ஒடுக்கமானவை. 87-இல் ஒன்றாக்கிய உடலுக்குள் அந்தக் கால மோட்டார் நுழையவில்லை. அதனால் உடலை மட்டும் அடிக்கு 4 மில்லிமீட்டர், அதாவது 76.2-இல் ஒன்று எனச் சற்றுப் பெரிதாக்கி, பாதையை அதே 16.5-இல் விட்டுவிட்டார்கள். இப்படிப் பிறந்தது ஓஓ அளவு. 1938-இல் வந்த ஹார்ன்பி டப்ளோ மாதிரி ரயில் வரிசை அதை வீடுகளுக்குள் நிலைநிறுத்தியது. திருப்பிப் பெருக்கிப் பார்த்தால் இந்த ரயில்கள் 1,257 மில்லிமீட்டர் பாதையில் ஓடுகின்றன. பாதையின் அகலத்தில் 178 மில்லிமீட்டர் காணாமல் போயிருக்கிறது. இஞ்சினை எதிரே நின்று பார்த்தால் குறை உடனே தெரியும். அகன்ற உடம்பு, நெருங்கிய கால்கள்.

இந்தக் குறையைத் தீர்க்கப் புறப்பட்டவர்களின் கதை இந்தக் கலையின் மிக உயர்ந்த பக்கம். முதலில் 18 மில்லிமீட்டரில் இஎம் அளவு வந்தது. பிறகு 1960களில் ஒரு குழுவினர் கணக்குப் பிசகாமல் 18.83 என்று வைத்தார்கள். அதோடு நிற்காமல், சக்கர விளிம்பின் தடிமன், பாதை பிரியும் பாயிண்டில் சக்கரம் நுழையும் இடைவெளி என ஒவ்வொன்றையும் உண்மையான ரயில்வேயின் அளவிலிருந்தே சுருக்கி எடுத்தார்கள். விளிம்பு அவ்வளவு மெல்லியதானதும் பாதையில் முடியளவு மேடு பள்ளத்தையும் சக்கரம் பொறுக்கவில்லை. ஒவ்வொரு அச்சுக்கும் வில்லோ ஈடுகட்டும் அமைப்போ வைக்க வேண்டியதாயிற்று. பாயிண்டுகளைக் கையால் செய்ய வேண்டும். வளைவுகளுக்கு அதிக இடம் வேண்டும். ஒரு சிறிய ஸ்டேஷன் முடியவே பத்து வருடம் ஆகலாம்.

இந்த நேர்மையை மனதார மதிக்கிறேன். ஆனாலும் லேஅவுட்டை உண்மையாக்கும் செலவில் இது முதலிடம் பெற வேண்டும் என்று சொல்ல மாட்டேன். லேஅவுட்டைப் பார்ப்பவர் பெரும்பாலும் பக்கவாட்டில் நிற்கிறார். பக்கத்திலிருந்து பார்க்கும்போது பாதையின் அகலம் தெரிவதில்லை. தெரிபவை தண்டவாளத்தின் உயரமும் சிலிப்பர் கட்டைகளுக்கு இடையிலுள்ள தூரமும்தான். கடையில் அதிகம் விற்ற கோடு 100 தண்டவாளத்தின் உயரம் ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. ஓஓ கணக்கில் பெருக்கினால் ஏழரை அங்குலத்துக்கு மேல் போகிறது. பிரிட்டனின் பழைய பாதைகளில் இருந்த தண்டவாளத்தின் உயரம் ஆறு அங்குலத்துக்கும் குறைவு. கடையில் வாங்கும் பாதையின் சிலிப்பர் கட்டைகளும் ஹெச்ஓ அளவுக்கு வார்த்தவை. அதனால் குட்டையாகவும் நெருக்கமாகவும் இருக்கும். கோடு 75-க்கு மாறி, கட்டைகளைச் சரியான இடைவெளியில் அமைத்து, தண்டவாளத்தின் பக்கங்களுக்குத் துரு நிறம் பூசினாலே 16.5 மில்லிமீட்டர் பாதை கண்ணுக்கு மெய்யாகிவிடும். பத்து வருடத்தில் கிடைக்கும் பலனில் பெரும்பகுதி ஒரு மாதத்தில் கிடைக்கிறது.

ஜல்லிக்கும் அதே கணக்கு. நம் ரயில்வே பயன்படுத்தும் மிகப் பெரிய ஜல்லியின் அளவு 65 மில்லிமீட்டர். 87-இல் ஒன்றாக்கினால் முக்கால் மில்லிமீட்டர். பொட்டலத்தில் வரும் ஜல்லி பெரும்பாலும் இதைவிடப் பெரிது. கூழாங்கற்களின் மேல் ரயில் ஓடுவது போலக் காட்டி, மற்ற எல்லா நுட்பத்தையும் அது கெடுத்துவிடும். சல்லடையில் சலித்து எடுக்கும் ஒரு மணி நேர வேலைக்குக் கிடைக்கும் பலன் பெரிது.

நீளத்தைச் சுருக்குவது எளிது என்றேன். அந்த எளிமையும் ஓரளவுக்குத்தான். பெட்டியில் வரும் ஹார்ன்பி வளைவுத் தண்டவாளங்களில் பரவலாகப் புழங்கும் இரண்டாவது அளவின் ஆரம் 438 மில்லிமீட்டர். அது உண்மையில் 33 மீட்டர் ஆரமுள்ள வளைவு. இந்திய அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். ஹெச்ஓ அளவில் அதற்கு 2 மீட்டர் வேண்டும். பாதை அரைவட்டமாகத் திரும்பவே நாலு மீட்டர் அகலமுள்ள அறை தேவைப்படும். 24 பெட்டி கொண்ட ஐசிஎஃப் எக்ஸ்பிரஸ் ஹெச்ஓவில் ஆறு மீட்டரைத் தாண்டும். வீட்டில் அறை வைத்திருப்பவர் எவரும் நீளத்தை அப்படியே சுருக்குவதில்லை. தேர்ந்து வெட்டுகிறார். ஆறு பெட்டி, இரண்டு பிளாட்பாரம், ஒரு கூட்ஸ் கொட்டகை.

எதை வெட்டுவது என்பதில் இந்தக் கலைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வெறுமையைத்தான் முதலில் வெட்டும். பழைய பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்வோம். 1914-இல் திறந்த அந்தப் பாலத்தின் நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஹெச்ஓவில் 23 மீட்டருக்கு மேல் வரும். யாராலும் கட்ட முடியாது. எனவே கப்பலுக்காகத் திறக்கும் ஷெர்ஸர் தூக்கு கண்ணை முழு அளவில் செய்து, மற்ற நூற்றுக்கும் மேற்பட்ட கண்களை இருபுறமும் நாலு நாலாகக் குறைக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் பாலம் கிடைக்கும், பாம்பன் கிடைக்காது. ஒரே மாதிரியான கண்கள் முடிவில்லாமல் தொடர்வதும், கடல்மட்டத்துக்குச் சற்று மேலே ரயில் ஊர்ந்து போவதும்தான் பாம்பன். தூக்கு கண்ணை விட்டுவிட்டு, நாலு மீட்டர் நீளத்துக்கு வெறும் கண்களை மட்டும் வரிசையாக நிறுத்துபவர் அந்த இடத்துக்கு இன்னும் நெருங்கி வருவார்.

லேஅவுட்டை மேம்படுத்துவது என்றால் சேர்ப்பது என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். இன்னொரு சைடிங், இன்னொரு வீடு, ஒரு சுரங்கம், மேலே இன்னொரு பாதை, ஓரத்தில் திருவிழா. நிஜ ஊரின் ரயில் பாதையோரத்தில் பாதிக்கு மேல் ஒன்றுமே இருக்காது. புல், வேலி, தந்திக்கம்பம், மறுபடி புல். ஒரு சைடிங்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தை மண்ணாக விட்டால் மீதமிருக்கும் பாதைக்குத் திடீரென்று நீளம் கூடும். ஸ்டேஷனையும் ஊரையும் ஒரு சாண் தள்ளி வைத்தால் இரண்டும் பெரிதாகும். இந்த உத்திக்குப் பணச் செலவு இல்லை. அதனாலேயோ என்னவோ அதைப் பற்றி அதிகம் எழுதப்படுவதில்லை.

லண்டனின் மாடல் ரயில்வே கிளப் 1910-இல் தொடங்கியது. இன்றும் இயங்கும் இத்தகைய சங்கங்களில் உலகிலேயே மூத்தது. அதன் உறுப்பினர்கள் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனுக்கு வடக்கே உள்ள பகுதியை, இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் இருந்தபடி, அடிக்கு 2 மில்லிமீட்டர் அளவில் கட்டினார்கள். கோபன்ஹேகன் ஃபீல்ட்ஸ் என்று அதற்குப் பெயர். முன்வரிசைக் கட்டடங்கள் சரியான அளவில் இருக்கும். பின்னால் போகப் போக வீடுகள் சிறுத்துக்கொண்டே போகும். சில அடி ஆழமுள்ள மேசையில் ஒரு நகரம் தொடுவானம் வரை விரியும். அளவை வேண்டுமென்றே மீறித்தான் தூரத்தைக் கொண்டுவருகிறார்கள். அளவுகோலுக்கு விசுவாசமாக இருப்பதும் கண்ணுக்கு விசுவாசமாக இருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று தெரியவில்லை.

நிறத்தின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். இரண்டடி தள்ளி நின்று ஓஓ இஞ்சினைப் பார்ப்பது, ஏறத்தாழ ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் உண்மையான இஞ்சினைப் பார்ப்பதற்குச் சமம். இடையிலுள்ள காற்றும் தூசும் நிறத்தை வெளிறச் செய்யும். தொலைவிலுள்ள மலை நீலமாகத் தெரிவது நமக்குப் புதிதல்ல. ஆலையிலிருந்து வந்த அசல் கறுப்பை அப்படியே மாதிரிக்குப் பூசினால் அது பொம்மையாக மின்னும். கருஞ்சாம்பலைப் பூசினால் இஞ்சினாகும். ஒளிக்கும் இது பொருந்தும். சூரியன் ஒன்று, நிழலும் ஒன்று. மேலே வரிசையாக எல்இடி விளக்குகளைத் தொங்கவிட்ட லேஅவுட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் நாலைந்து நிழல் விழும். பின்னணியில் வரைந்த வானத்தின் மேலேயே கூட்ஸ் கொட்டகையின் நிழல் படியும். விளக்குகளைப் பார்வையாளரின் பக்கமாக மேலே வைத்து, கட்டடங்களைப் பின்சுவரிலிருந்து தள்ளி வைப்பது புதிய இஞ்சின் வாங்குவதைவிட முக்கியமான மேம்பாடு. தண்ணீரைத் தண்ணீராலேயே செய்ய முயன்றவர்கள் பெரும்பாலும் தோற்றிருக்கிறார்கள். அதன் மேற்பரப்பு இழுவிசை சுருங்குவதில்லை. சிற்றோடை கண்ணாடித் தட்டில் சிந்திய துளியாக நிற்கும். அடியில் ஆழத்தை வண்ணத்தில் எழுதி, மேலே பிசினோ வார்னிஷோ ஊற்றுவதே வழி. புகையைக் கைவிட்டுவிடலாம்.

அழுக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். இந்தக் கலை அதிகம் கொண்டாடுவதும் அதிகம் தவறு செய்வதும் அங்கேதான்.

கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் ஜான் ஆலன் கட்டிய கோரி அண்ட் டஃபீட்டட் லேஅவுட்டுக்கு முன்பு, மாதிரி வண்டிகள் கடையிலிருந்து வந்த பளபளப்போடு ஓடுவதே வழக்கம். ஆலன் தொழில்முறைப் புகைப்படக்காரர். துரு, புகைக்கரி, வெளிறிய மரம் ஆகியவற்றை வண்டிகளிலும் கட்டடங்களிலும் ஏற்றி, அவற்றைப் படமெடுத்து வெளியிட்டு, ஒரு தலைமுறையின் கண்ணையே மாற்றினார். 1973 ஜனவரியில் அவர் இறந்த சில நாட்களிலேயே அந்த லேஅவுட் தீவிபத்தில் அழிந்தது. மிஞ்சியவை படங்களும் அவர் உருவாக்கிய ரசனையும். பிறகு மாசசூசெட்ஸில் ஜார்ஜ் செலியோஸ் 1930களின் பொருளாதார மந்தத்தைக் களமாக வைத்து, அந்த ரசனையை அதன் எல்லைக்கே கொண்டுபோனார். அவருடைய பிராங்க்ளின் அண்ட் சவுத் மான்செஸ்டரில் ஒவ்வொரு சுவரும் உரிந்திருக்கும், ஒவ்வொரு கூரையும் தொய்ந்திருக்கும். ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியே அற்புதம். எல்லாம் சேர்ந்தால் அது ஒரு ஊரைக் காட்டுவதற்குப் பதில் ஒரு மனநிலையைக் காட்டுகிறது. மந்த காலத்திலும் நேற்று பூசிய சுவர் ஊருக்கு ஒன்றாவது இருந்திருக்கும்.

அழுக்குக்கு ஆண்டு உண்டு. முதல் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டனில் பயணிகள் ரயில் இஞ்சின்கள் கண்ணாடி போல மின்னின. இஞ்சின் துடைக்கும் பையனாக வேலைக்குச் சேர்ந்து, பிறகு ஃபயர்மேனாகி, கடைசியில் டிரைவர் ஆவதுதான் அங்கே படிநிலை. அந்தப் பையன்களின் குறைந்த கூலி உழைப்பில்தான் அந்த மினுக்கம் நின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. நீராவியின் கடைசி ஆண்டுகளில், 1960களில், எண்ணே தெரியாத கரி படிந்த இஞ்சின்கள் ஓடின. இஞ்சின் மேல் பூசும் ஒவ்வொரு அழுக்கும் அதைத் துடைக்க அன்று ஆள் இருந்தாரா என்ற கேள்விக்குப் பதில். 1908-ஐக் காட்டும் லேஅவுட்டில் 1965-இன் கரியைப் பூசுபவர் நிறத்தில் பிழை செய்வதோடு, ஒரு வேலையையும் அந்த வேலை செய்தவர்களையும் வரலாற்றிலிருந்து அழித்துவிடுகிறார். இந்தப் பிழைக்குக் காரணம் ஒன்றே. பலர் உண்மையான ரயிலின் படத்தைப் பார்த்துச் செய்வதில்லை, இன்னொருவரின் மாதிரியைப் பார்த்துச் செய்கிறார்கள்.

பார்த்துச் செய்வது என்றால் என்ன என்பதற்கு ஆக்ஸ்ஃபோர்டுஷையரில், லாங் விட்டன்ஹாம் கிராமத்திலுள்ள பெண்டன் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். ராய் இங்லண்ட் என்பவர் 1925-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இளைஞர். வைட் ஹார்ஸ் பள்ளத்தாக்கின் கூரை வீடுகள் ஒவ்வொன்றாக மாறுவதைக் கண்டு, அவை மறையும் முன் அளந்து பதிவு செய்யத் தொடங்கினார். வீடு வீடாகப் போய் அளந்து, அட்டையில் கீறி, நீர்வண்ணத்தில் செங்கல் செங்கலாகத் தீட்டிய குடிசைகள் அங்கே இருக்கின்றன. தோட்டத்தில் கோஸ் வளர்கிறது. ரயிலுக்கு அங்கே இடம் உண்டு, முதலிடம் இல்லை. வண்டி ஒன்று வயலின் ஓரமாகப் போய் மறையும். மறுபடி வயல் மட்டும் நிற்கும். ஒரு நாட்டுப்புறத்தில் ரயிலுக்கு எவ்வளவு இடம் உண்டோ அவ்வளவே. ஜான் அஹெர்ன் தன் கற்பனையில் கட்டிய மேடர் வேலி ரயில்வேயும் இன்று அங்கேதான் பாதுகாக்கப்படுகிறது. ரயிலைச் சுற்றி நிலத்தையும் ஊரையும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று முதலில் காட்டியவர்களில் அவர் ஒருவர். கற்பனையில் செய்ததும் அளந்து செய்ததும் ஒரே கூரைக்குக் கீழ் இருப்பது இந்தக் கலையைக் கற்பவருக்குப் பெரிய வசதி.

பெண்டனுக்கும் ஒரு குறை உண்டு. அதன் கிராமத்தில் எப்போதும் வெயிலும் அமைதியும்தான். 1930களின் ஆங்கில விவசாயக் கூலியின் வறுமை அந்தக் குடிசைகளுக்குள்ளும் இருந்தது. அட்டையில் அது தெரிவதில்லை. பிரிட்டிஷ் மாதிரி ரயில் உலகம் முழுக்கவே இந்த ஏக்கம் பரவிக் கிடக்கிறது. டெவனில் உள்ள ஆஷ்பர்டன் ஸ்டேஷன் 1958-இல் பயணிகளுக்கு மூடப்பட்டது. அதைப் போன்ற கிளைப்பாதைக் கடைசி ஸ்டேஷன்கள் எத்தனை வீடுகளில் மறுபடி திறந்திருக்கின்றன என்பதற்குக் கணக்கே இல்லை. மூடப்பட்டதற்கான காரணமோ அங்கே தெரியாது. உண்மையான ஸ்டேஷனில் பயணிகள் குறைந்து வண்டிகள் காலியாக ஓடின. மாதிரியில் பிளாட்பாரம் நிறைய ஆட்கள் நிற்கிறார்கள்.

நேரம்தான் எல்லாவற்றையும்விடப் பிடிவாதமாகச் சுருங்க மறுப்பது. மணிக்கு 96 கிலோமீட்டரில் போகும் ரயில் ஓஓ அளவில் நொடிக்கு 35 சென்டிமீட்டர் போக வேண்டும். ஆறு மீட்டர் அறையை 17 நொடியில் கடந்துவிடும். பத்து கிலோமீட்டர் தள்ளியுள்ள அடுத்த ஊர் அளவுப்படி 131 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். அறையிலோ எதிர்ச்சுவரில் இருக்கிறது. தூரத்தை இருபதில் ஒன்றாக வெட்டிய பிறகு, நேரத்தையும் வெட்டாவிட்டால் கால அட்டவணைக்குப் பொருளே இல்லை. அதற்காக வந்ததுதான் வேகக் கடிகாரம். அதில் முள் ஆறு மடங்கோ பன்னிரண்டு மடங்கோ விரைவாகச் சுற்றும். இரண்டு ஊருக்கும் இடையிலுள்ள பயணத்துக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் ஸ்டேஷனுக்குள் ஷண்டிங் செய்யும் மனிதரின் கை அதே வேகத்தில்தான் இயங்கும். நாலு வேகனைப் பிரித்துச் சேர்க்கப் பத்து நிமிடம் ஆனால், ஆறு மடங்குக் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் போய்விடும். ஓட்டத்துக்கு ஒரு நேரம், வேலைக்கு வேறொரு நேரம். இந்த முரணுக்குக் கணிதத் தீர்வு இல்லை. ஷண்டிங்குக்கு அட்டவணையில் தாராளமாக இடம் விடலாம், இல்லையென்றால் ஒரே ஸ்டேஷனை மட்டும் எடுத்துக்கொண்டு கடிகாரத்தை உண்மையான வேகத்திலேயே ஓட விடலாம். இரண்டாவதே சிறந்தது என்பது என் கட்சி.

பீட்டர் டென்னியின் பக்கிங்ஹாம் லேஅவுட் இங்கே பெரிய பாடம். ஆங்கிலிகன் பாதிரியாரான டென்னி, கிரேட் சென்ட்ரல் ரயில்வே பக்கிங்ஹாமுக்கு ஒரு கிளைப்பாதை போட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வியிலிருந்து தொடங்கினார். 1940களில் தொடங்கிய வேலை பல முறை பிரித்துக் கட்டப்பட்டுப் பல பத்தாண்டுகள் நீண்டது. மரம், அட்டை, தகரம் என்று கைக்குக் கிடைத்ததில் செய்தவை. இன்று கடையில் வாங்கும் இஞ்சினோடு பக்கத்தில் வைத்தால் நுட்பத்தில் பின்தங்கும். ஆனால் அந்த லேஅவுட்டில் ஒரு வண்டி கிளம்ப வேண்டுமென்றால் அடுத்த சிக்னல் பெட்டியிடம் மணி அடித்துக் கேட்க வேண்டும், பதில் மணி வர வேண்டும், அதன் பிறகே கைகாட்டி இறங்கும். மறுமுனையில் ஆள் இல்லாத நாட்களுக்காக, ஆளின் வேலையைச் செய்யும் ஓர் இயந்திரத்தையே கட்டி, அதற்குத் தன் மகனின் பெயரை வைத்துத் தானியங்கி கிரிஸ்பின் என்று அழைத்தார். ரயில்வே என்பது இரும்பின் மேல் ஏற்றிய ஒழுங்கு. அனுமதி, காத்திருப்பு, மறுமொழி. அந்த ஒழுங்கைச் சுருக்கத் தேவையில்லை, அப்படியே முழு அளவில் எடுத்துவரலாம். லேஅவுட்டில் முழு அளவில் வைக்கக்கூடியது அது ஒன்றுதான். டென்னி அதைக் கண்டுகொண்டார்.

இதற்கு நேரெதிர் ஹாம்பர்க்கின் மினியேச்சர் வுண்டர்லாந்து. பிரவுன் சகோதரர்கள் 2001-இல் திறந்தது. ஹெச்ஓ அளவில் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் தண்டவாளம், சில நிமிடங்களில் பகல் இரவாகும் விளக்குகள், விமானங்கள் ஓடி எழும் விமான நிலையம். பொறியியலாக அது வியக்க வைக்கும் சாதனை. கணினிக் கட்டுப்பாட்டில் அவர்கள் செய்ததிலிருந்து தனி ஆர்வலர்களும் நிறையக் கற்கலாம். அங்கே நேரம் பார்வையாளருக்காக ஓடுகிறது. எந்தக் கணமும் ஏதாவது அசைய வேண்டும். கண்காட்சிக்குக் கொண்டுபோகும் சிறிய லேஅவுட்டுகளுக்கும் இதே நெருக்கடிதான். ஒரு நிமிடம் ரயில் வராவிட்டால் கூட்டம் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வண்டி வந்த கிளைப்பாதையில் அரை நிமிடத்துக்கு ஒன்று ஓடும்போது, ஸ்டேஷனின் ஒவ்வொரு செங்கல்லும் சரியாக இருந்தாலும் ஸ்டேஷன் பொய்யாகிவிடுகிறது.

எடையின் பிடிவாதத்தை மட்டும் மின்னணுவியல் ஓரளவு வென்றிருக்கிறது. பழைய மாதிரிகளில் மோட்டாரின் திருகுப்பல் சக்கரத்தைப் பூட்டிவிடும். மின்சாரம் நின்ற நொடியில் வண்டியும் நின்றது. பிறகு சுழல்சக்கரம் வந்தது. 1990களின் நடுவில் அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்ரோடு சங்கம் டிசிசி எண்முறைக் கட்டுப்பாட்டுக்குத் தரநிலை வகுத்தது. அதன் பிறகு இஞ்சினுக்குள் இருக்கும் சில்லு, மெதுவாகக் கிளம்பு, மெதுவாக நில் என்று மோட்டாருக்குச் சொல்லி நூறு டன்னின் நடையை நடித்துக் காட்டுகிறது. ஹார்ன்பி தன் உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றியதை ஒட்டிய ஆண்டுகளில் பெட்டியில் வரும் இஞ்சின்களின் நுட்பமும் பாய்ந்து உயர்ந்தது. அதன் விளைவாக, ஆர்வலரின் கைவேலைக்கு இஞ்சினில் இடம் குறைந்துவிட்டது. இனி அவர் கை பட வேண்டிய இடங்கள் மண்ணும் பாதையும் ஒளியும் அட்டவணையும்தான். அதை இழப்பாகக் கருதுவோர் உண்டு. எனக்கு அது விடுதலையாகப் படுகிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். இந்திய அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர்; ஹெச்ஓவில் 19.26 வர வேண்டும். நம் ஆர்வலர்கள் பெரும்பாலும் கடையில் கிடைக்கும் 16.5-இல்தான் ஓட்டுகிறார்கள். அகன்ற உடம்பு, நெருங்கிய கால்கள் என்ற பிரிட்டிஷ் குறை இன்னும் பெரிதாக, 241 மில்லிமீட்டர் வித்தியாசத்தோடு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் மீட்டர் கேஜை எடுத்தால் கணக்கு மாறுகிறது. 1,000 மில்லிமீட்டர் ஹெச்ஓவில் 11.5. சுவிட்சர்லாந்தின் மலைப்பாதைகளுக்காகப் பேமோ போன்ற ஐரோப்பிய நிறுவனங்கள் விற்கும் தண்டவாளத்தின் அகலம் 12 மில்லிமீட்டர். பிழை வெறும் 44 மில்லிமீட்டர். தமிழ்நாட்டு ரயிலை மாதிரியாகச் செய்ய விரும்புபவருக்கு மீட்டர் கேஜ்தான் உண்மைக்கு நெருங்கிய வழி. வளைவுக்கு இடமும் குறைவாகத் தேவைப்படும்.

வேறொரு காரணமும் உண்டு. சென்னைக் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 1931-இல் தொடங்கி 2004-இல் நின்றது. எழும்பூரிலிருந்து தெற்கே போன பாதைகள் எல்லாம் அகலமாகிவிட்டன. இன்று தமிழ்நாட்டில் மீட்டர் கேஜில் ஓடுவது நீலகிரி மலை ரயில் மட்டுமே. ஒய்பி, ஒய்ஜி இஞ்சின்களை அருங்காட்சியகத்தில் பார்த்துவிடலாம். அவை நின்ற ஸ்டேஷன்களின் தாழ்ந்த பிளாட்பாரம், நீரேற்றும் தூண், கேங்மேன்களின் குடியிருப்பு, கேட்கீப்பர் வீட்டு முற்றம் ஆகியவற்றுக்கு அருங்காட்சியகம் இல்லை. ராய் இங்லண்ட் வைட் ஹார்ஸ் பள்ளத்தாக்கில் செய்த வேலை காவிரிப் படுகையில் இன்னும் செய்யப்படாமல் கிடக்கிறது.

செய்யத் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது பெரிய ஜங்ஷனை அல்ல. ஒற்றைப் பாதையில் ஒரே ஒரு லூப் லைன் கொண்ட கிராசிங் ஸ்டேஷனை எடுக்கலாம். 400 மீட்டர் லூப் ஹெச்ஓவில் 4.6 மீட்டர், வெட்டாமலே ஒரு நீண்ட சுவரில் அடங்கும். இரண்டு பாயிண்ட் போதும். இரண்டு முனையிலும் வண்டிக்கு அனுமதி தரும் நீல்ஸ் பால் டோக்கன் கருவி, அதிலிருந்து வரும் உருண்டை, அதை வளையத்தோடு சேர்ந்த பையில் போட்டு ஓடும் வண்டியின் டிரைவரிடம் நீட்டும் ஆள், எதிர்வண்டி வந்து சேரும் வரை லூப்பில் நிற்கும் கூட்ஸ் என அனைத்தையும் முழு நேரத்தில், வேகக் கடிகாரம் இல்லாமல் நடத்தலாம். கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அளப்பது. பழைய ஸ்டேஷன் கட்டடங்களில் எஞ்சியவை இடிபடுவதற்குள், நாடாவும் கேமராவும் எடுத்துக்கொண்டு போய், சுவரின் உயரம், ஜன்னலின் அகலம், தூண்களின் இடைவெளி, ஓடு சரியும் கோணம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கும்போதே, ஒரு நாளைக்கு எத்தனை வண்டி, எது எதற்காகக் காத்திருந்தது, கூட்ஸில் என்ன ஏறியது, இறங்கியது என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.